நந்தவனத்தில் சௌசமும் அகிம்சையும்

பதஞ்சலி முனிவர் அஷ்டாங்க யோகத்தை விளக்கும்போது யமத்தை முதல் அங்கமாகவும் நியமத்தை இரண்டாம் அங்கமாகவும் வைக்கிறார். யமத்தில் முதலாவது அகிம்சை. நியமத்தில் முதலாவது சௌசம். எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாமை ஒன்று. அகமும் புறமும் தூய்மையாக இருத்தல் மற்றொன்று. நூலில் படிக்கும்போது இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல அமைதியாக அருகருகே இருக்கின்றன. ஆனால் துடைப்பத்தையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நந்தவனத்தில் இறங்கிப் பாருங்கள். சிறிது நேரத்திற்குள் இரண்டும் ஒன்றோடொன்று வழக்காடத் தொடங்கிவிடும்.

வில்வ மரத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ச்சனைக்கு இலை பறிக்கச் சென்றவர், தளிர்களின் ஓரங்கள் கடித்துத் தின்னப்பட்டிருப்பதைக் காண்கிறார். ஓர் இலையின்மீது பறவையின் எச்சம்போல் ஏதோ கிடக்கிறது. தட்டிவிடக் கையை நீட்டினால் அந்த எச்சம் அசைகிறது! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. பறவைகளின் கண்ணுக்குத் தப்புவதற்காக அதற்கு வாய்த்த வேடம் அது. வளர்ந்ததும் அந்த வேடத்தைக் களைந்துவிட்டு இலையின் பச்சையையே ஆடையாக அணிந்துகொள்ளும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவை ஒன்றை நீட்டி நெடி வீசும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகளின் இலைகளே அதன் உணவு. மும்பையிலோ கொல்கத்தாவிலோ அடுக்குமாடி வீட்டில் வசித்துக்கொண்டு, பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் அன்பர்களும் இதைக் கண்டிருக்கக்கூடும்.

இப்போது இலை பறிக்க வந்தவர் என்ன செய்வது? சௌசம் 'தட்டிவிடு' என்கிறது. அகிம்சை 'கையை எடு' என்கிறது. சிவபெருமானுக்குப் பழுதில்லாத இலைதான் வேண்டும் என்ற பக்தி ஒருபுறம். அதே இலையை ஒரு சிற்றுயிர் உண்டுகொண்டிருக்கிறது என்ற உண்மை மறுபுறம்.

இத்தகைய வழக்குகளுக்குத் தீர்ப்பு யோக சாஸ்திரத்திலேயே இருக்கிறது. யோகசூத்திரத்திற்குப் பாஷ்யம் செய்த வியாசர், ஏனைய யமங்களும் நியமங்களும் அகிம்சையையே வேராகக் கொண்டவை என்கிறார். அகிம்சையை மாசுபடாமல் நிறைவுசெய்வதற்காகவே அவை அனுஷ்டிக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. அப்படியானால் சௌசத்திற்கும் அகிம்சைதான் வேர். வேரை வெட்டிவிட்டுக் கிளையைப் பேணுவது எவ்வாறு? ஓர் இடம் தூய்மையாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அங்கிருந்த உயிர்களையெல்லாம் அகற்றிவிட்டோம் என்பது அதன் பொருளாக இருந்தால், நாம் செய்தது சௌசம் ஆகாது.

அடுத்த சூத்திரம் இன்னும் கூர்மையானது. யமங்கள் ஜாதி, தேசம், காலம், சமயம் ஆகிய வரையறைகளால் கட்டுப்படாதபோது அவை மகாவிரதம் எனப்படுகின்றன. இங்குச் சமயம் என்பதற்கு மதம் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒரு காரணத்தையோ உடன்பாட்டையோ முன்னிட்டு வைத்துக்கொள்ளும் விதிவிலக்கு என்று பொருள். வியாசர் தரும் உதாரணங்கள் எளியவை. 'மீனைத் தவிர வேறு எதையும் கொல்லேன்' என்பவனின் அகிம்சை ஜாதியால் வரையறுக்கப்பட்டது. 'தீர்த்தத்தில் கொல்லேன்' என்பவனின் அகிம்சை தேசத்தால் வரையறுக்கப்பட்டது. நாமும் இத்தகைய வரையறை ஒன்றை நம்மை அறியாமலே வைத்துக்கொண்டிருக்கிறோம். பூஜையறையில் ஓர் எறும்பு ஊர்ந்தால் ஒதுங்கி நடக்கிறோம்; பத்தடி தள்ளியிருக்கும் ரோஜாப் பாத்தியில் மருந்துக் குழாயைத் திறந்துவிடுகிறோம். சந்நிதிக்குள் ஓர் அறம், தோட்டத்தில் வேறோர் அறம் என்று எந்த சாஸ்திரமும் வகுத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் கேட்டவுடன், 'அப்படியானால் தோட்டத்தைப் புதராக விட்டுவிடலாமா?' என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். டெங்குவைப் பரப்பும் கொசு ஒரு சிரட்டைத் தண்ணீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் புதிய கொசுவாகப் பறந்துவிடும். குழந்தைகள் நடமாடும் வாசலில் முழங்கால் உயரப் புல்லையும், மூலையில் உடைந்த தொட்டிகளையும் விட்டுவைத்துவிட்டு, 'இது பூததயை' என்று சொல்லிக்கொள்வது தயை ஆகாது, அது சோம்பல். தமோகுணம் பலமுறை சத்வகுணத்தின் காவியை உடுத்திக்கொண்டு வருவதுண்டு. நடைபாதையும், வாசலும், கிணற்றடியும், குழந்தைகள் விளையாடும் இடமும் பெருக்கித் துலக்கப்பட்டே இருக்க வேண்டும். தேங்கிய நீர் இருக்கவே கூடாது. பறவைகளுக்கென்று வைக்கும் நீர்க்கலத்தைக்கூட இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி, நீரை மாற்றியாக வேண்டும்.

ஆக, இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைத் துறக்கவும் கூடாது. நம் முன்னோர் இதை எப்படிச் சாதித்தார்கள்?

கேரளத்தின் பழைய தரவாட்டு வளாகங்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முற்றம் நாள்தோறும் பெருக்கப்பட்டு, ஒரு சருகும் இன்றி விளங்கும். அதே வளாகத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சிறு காடு அடர்ந்து நிற்கும். அதுதான் சர்ப்பக்காவு. அங்கே நாகப் பிரதிஷ்டை உண்டு, மாலையில் விளக்கேற்றப்படும். ஆனால் துடைப்பமும் அரிவாளும் உள்ளே நுழைவதில்லை. விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மக்கும். பட்ட மரம் பட்டபடியே நிற்கும். பாம்பும், தவளையும், ஆந்தையும், பெயரறியாத நூறு பூச்சிகளும் அங்கே குடியிருக்கும். ஆலப்புழை மாவட்டத்தில் ஹரிப்பாட்டுக்கு அருகிலுள்ள மண்ணாறசாலை நாகராஜர் கோயிலே இத்தகைய ஒரு பெருங்காவின் நடுவில்தான் அமைந்திருக்கிறது. மேகாலயத்தில் மௌஃப்லாங் என்னும் ஊரிலுள்ள புனிதச் சோலையிலிருந்து ஓர் இலையைக்கூட எவரும் வெளியே எடுத்துச் செல்லலாகாது என்பது காசி மக்களின் நியதி. மகாராஷ்டிரத்தின் தேவராய், குடகின் தேவரகாடு, இராஜஸ்தானத்தின் ஓரண், நம் கோயில்காடு என்று பெயர்கள் வேறாயினும் உட்கருத்து ஒன்றே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த எல்லைக்கோடு. முற்றத்தில் காடு நுழையாது. காட்டில் துடைப்பம் நுழையாது. முற்றத்தில் சௌசம் வெளிப்படையாக விளங்குகிறது. காவில் அகிம்சை விளங்குகிறது. எனினும் காவு ஓர் ஒழுங்கற்ற இடம் என்று எவரும் நினைத்ததில்லை. 'இவ்வளவு இடம் எனக்கு. அவ்வளவு இடம் உனக்கு' என்று வரையறுத்துக்கொள்வதும் ஓர் ஒழுங்குதானே! தரவாடுகள் பாகம் பிரிந்தபோது பல காவுகள் மறைந்துவிட்டன. ஆயினும் அந்த முறையை நாம் சிறிய அளவில் மேற்கொள்ளத் தடையேதும் இல்லை. ஆசிரம வளாகமானால், மக்கள் நடமாட்டத்திலிருந்து விலகிய ஒரு மூலையை ஒதுக்கி, தாழ்வான கல்வரிசையோ மூங்கில் வேலியோ இட்டு வைக்கலாம். ஓரம் நேராக இருந்தால், உள்ளே எது எப்படி வளர்ந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது பராமரிப்பின்மையாகத் தோன்றாது. வீட்டை ஒட்டி அத்தகைய மூலையை அமைக்க வேண்டாம். அதில் உணவுக் கழிவுகளையும் கொட்ட வேண்டாம். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பு தென்பட்டால் தடியை எடுக்காமல், வனத்துறையினரையோ முறையாகப் பயின்ற பாம்பு மீட்பவரையோ அழைப்பதே முறை.

அடுத்தது சருகு. பெருக்கிக் குவித்தபின் நாம் செய்யும் காரியம் பெரும்பாலும் அதற்குத் தீ வைப்பதுதான். மாலை வேளையில் நந்தவனத்தின் மூலையிலிருந்து எழும் அந்தப் புகையைத் தூய்மையின் அடையாளமாகவே பலர் கருதுகிறார்கள். அசோகச் சக்கரவர்த்தி முடிசூட்டப்பட்டு இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின் பொறிக்கச் செய்த ஐந்தாவது தூண் சாசனத்தில், கொல்லத்தகாத உயிர்களின் நீண்ட பட்டியலோடு, உயிர்கள் ஒளிந்திருக்கும் உமியைக் கொளுத்தலாகாது என்ற கட்டளையும் இருக்கிறது. ஒரு பேரரசை ஆண்டவர், உமிக்குவியலுக்குள் இருக்கும் புழுவை எண்ணிப் பார்த்து, அதற்காக ஒரு சட்டத்தைக் கல்லில் வெட்டச் செய்தார்! அச்சாசனம் உள்ள தூண்களில் ஒன்று தோப்ராவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக்கால் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றும் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. அதே தில்லியில் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இலைச்சருகு உள்ளிட்டவற்றைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் விதிக்க ஆணையிட்டது. காரணம் இப்போது காற்று மாசு, அன்று ஜீவகாருண்யம். இரு காரணங்களும் நமக்குப் பொருந்தும். சருகைக் குழியிலிட்டு மண் தூவி நீர் தெளித்து வந்தால் சில மாதங்களில் எருவாகிறது. செடிகளின் அடியில் மெல்லப் பரப்பினால் ஈரம் காக்கிறது, மண்புழுவுக்கு உணவாகிறது, தேரை பகலில் அதன் கீழே ஒதுங்கி, இரவில் வெளிவந்து பூச்சிகளைப் பிடிக்கிறது.

மொழிபெயர்ப்பில் நாள்களைக் கழிக்கும் ஒருவனுக்குச் சொற்களில் கவனம் செல்வது இயல்பு, அன்பர்கள் பொறுத்தருள்க. கிராமத்து உழவர்கள் எருவையே 'குப்பை' என்பார்கள். வயலுக்குக் குப்பை அடித்தார்கள் என்றால் வயலை வளப்படுத்தினார்கள் என்று பொருள். நகரத்தில் அதே சொல் வேண்டாதது என்று பொருள்படுகிறது. வேண்டாத பயிரைக் 'களை' என்கிறோம். ஒருவர் முகத்தில் தெய்வீகப் பொலிவு இருந்தாலும் 'என்ன களை!' என்கிறோம். எல்லாவற்றையும்விட வியப்பானது, பூச்சிகளைக் கொல்லும் நஞ்சுக்கு நாம் 'மருந்து' என்று பெயரிட்டிருப்பதுதான். அசுவினி படிந்த செம்பருத்தியில் அந்த மருந்தைத் தெளிக்கிறோம். அசுவினியும் மடிகிறது, அசுவினியைத் தின்று வாழும் பொறிவண்டும் மடிகிறது. மறுபடி வருவது முதலில் அசுவினிதான், ஏனெனில் அது விரைந்து பெருகக்கூடியது. தின்பதற்குப் பொறிவண்டு இல்லை. ஆகவே மீண்டும் மருந்து. மறுநாள் காலையில் அந்தச் செம்பருத்தியைப் பறித்து அம்பிகையின் திருவடியில் சமர்ப்பிக்கிறோம். பகவத்கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பகவான் தம் பக்தனின் இலக்கணத்தைச் சொல்லத் தொடங்கும்போது, எவ்வுயிரிடமும் வெறுப்பின்மையையே முதலில் கூறுகிறார் என்பதை நாம் அறிவோம். மலரில் குற்றமில்லை, ஆனால் அம்மலர் வந்த வழியைப் பற்றி நாம் சிந்திக்கத்தான் வேண்டும்.

களை என்று நாம் பிடுங்கி எறியும் செடிகளில் தெய்வங்களுக்கு உகந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நகைப்பே வருகிறது. விநாயகருக்கு அறுகம்புல், எருக்கு, நாயுருவி. சிவபெருமானுக்குத் தும்பை, ஊமத்தை, எருக்கு. தோட்டக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கியதையெல்லாம் ஆண்டவன் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். சதுர்த்திக்கு முதல்நாள் கடைத்தெருவில் எருக்கமாலையை விலை கொடுத்து வாங்குகிறோம். மதிலோரம் தானே முளைத்த எருக்கஞ்செடியை ஆள்வைத்து வெட்டுகிறோம். அந்த எருக்கின் இலைதான், செம்பழுப்புச் சிறகில் கறுப்பு வெள்ளை விளிம்பு கொண்ட வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. எருக்கம்பால் கண்ணில் படலாகாது என்பதால் குழந்தைகள் எட்டாத ஓரத்தில் ஒன்றிரண்டை விட்டுவைத்தால் போதும்.

ஆனால், தானாக வந்த செடிகள் எல்லாமே வரவேற்கத்தக்கவை என்று கொள்ள வேண்டாம். உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகத் தோட்டச் செடியாக நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலியைத் தாண்டிச் சென்று, இன்று நம் காடுகளில் பெரும்பரப்பை மூடி, மானும் யானையும் மேயும் புல்லையும் செடிகளையும் நெருக்கிவிட்டது. பார்த்தீனியமும் அத்தகையதே; அது சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் தருகிறது. பூப்பதற்கு முன்பே இவற்றை வேரோடு பிடுங்குவதுதான் பல உயிர்களுக்குச் செய்யும் உபகாரம். விவேகம் இன்றித் தயை மட்டும் இருந்தால் என்னவாகும் என்பதற்கு உண்ணிச்செடியின் வரலாறு ஒன்றே போதும்.

கத்தரிப்பதிலும் சற்று நிதானம் வேண்டும். தேன்சிட்டின் கூட்டைப் பாருங்கள்: சிலந்தி நூலில் மரப்பட்டைத் துணுக்கும், சருகும், புழுவின் எச்சமும் ஒட்டி, கிளை நுனியில் தொங்கும் ஒட்டடைபோலவே இருக்கும். தூய்மையில் மிகுந்த ஆர்வமுள்ள தொண்டர் ஒருவர் அதைக் கோலால் இழுத்துவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. தையல்சிட்டு உயிருள்ள இலைகளையே நார் கொண்டு தைத்து அதற்குள் கூடமைக்கிறது. வேலிச்செடியை நேராக வெட்டும் கத்தரிக்கு அது தெரியாது. ரோஜா இலையில் வட்டமாக வெட்டியெடுத்தாற்போல் துளை இருந்தால் அதை நோய் என்று அஞ்ச வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுகளின் அறைக்குச் சுவர் அமைக்க எடுத்துச் சென்றிருக்கிறது. சந்நியாசிகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகச் செல்வதை நிறுத்தி, ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் அனுஷ்டிப்பது ஏன்? ஈர மண்ணில் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் நசுங்கிவிடலாகாது என்பதற்காக. சமண முனிவர்களும் இதே காரணத்திற்காக மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குகிறார்கள். பெரிய கத்தரிப்பு வேலைகளுக்கும் அப்படி ஒரு சாதுர்மாஸ்யம் வைத்துக்கொண்டால் என்ன? அது இயலாத இடங்களில், வெட்டுவதற்கு முன் ஒருமுறை செடியின் உட்பக்கத்தை விலக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட பஞ்ச மகாயக்ஞங்களில் ஒன்று பூதயக்ஞம். பறவைக்கும் பூச்சிக்கும் நாளும் உணவில் ஒரு பங்கைத் தரையில் வைப்பது அதன் அனுஷ்டானம். தமிழகத்துப் பெண்மணிகள் வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, பச்சரிசி மாவில் கோலமிட்டபோது சௌசமும் பூதயக்ஞமும் ஒரே செயலில் நிறைவேறின. வாசலும் துலங்கிற்று, எறும்பும் உண்டது. கல்மாவு வந்தபின் வாசல் துலங்குகிறது; எறும்பு பட்டினி. தோட்டத்திலும் இதேதான் நிகழ்ந்துவிட்டது. புழு தின்னும் அந்தச் சில வில்வ இலைகளை நஷ்டம் என்று ஏன் கணக்கெழுத வேண்டும்? பூதயக்ஞத்தின் பங்கு என்று எழுதிக்கொள்ளலாமே. மரம் அதைத் தாங்கும். மிகச் சிறிய கன்றானால் புழுவை இலையோடு கிள்ளி, பெரிய மரத்தின் கிளையில் வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கை மாற்றி எழுதவிடாமல் தடுப்பது மமகாரம். 'என் தோட்டம், நான் வைத்த மரம், என் பூஜைக்கு வந்த மலர்' என்ற எண்ணத்திற்குப் பக்திச் சாயம் பூசிவிட்டால் அதை அடையாளம் காண்பதே கடினம். ஸ்ரீராமகிருஷ்ணர் தட்சிணேசுவரத்தில் ஒருநாள் மலர் பறிக்கச் சென்றார். பூத்து நின்ற மரங்களைக் கண்டதும், இறைவனின் விராட் ரூபத்திற்கு அம்மலர்களால் ஏற்கெனவே பூஜை நடந்து முடிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதன்பின் அவரால் ஒரு மலரைக்கூடப் பறிக்க இயலவில்லை. அந்நிலை நமக்கு வாய்த்துவிட்டதுபோல் நடித்து நாளைக்கே அர்ச்சனையை நிறுத்திவிட வேண்டியதில்லை. பறிக்கும்போது, நமக்கு முன்பே அங்கே யாரோ வந்திருக்கக்கூடும் என்ற நினைவு இருந்தால் போதும். தேனீ வந்திருக்கும், வண்டு வந்திருக்கும்.

அரளிப் புதரில் மலர் கொய்யும் அன்பர்கள் இலைகளின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை நோக்க வேண்டும். அங்கே வெள்ளியில் வார்த்துத் தொங்கவிட்டாற்போல் மின்னும் சிறு குமிழ் ஒன்று தென்படலாம். அது கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழு. சில நாள்களில் அந்த வெள்ளி மங்கி, உள்ளிருக்கும் சிறகின் கருமை வெளித்தெரியும். அதன்பின் விரைவில் அது வெளிவந்துவிடும். அதுவரை, ஏறத்தாழ ஒன்றரை வாரம், அந்தக் கிளையில் மட்டும் பூப்பறிக்க வேண்டாம் என்று உடன் வருவோருக்கும் சொல்லிவையுங்கள். அடையாளத்திற்கு ஒரு நூலைக் கட்டிவிட்டாலும் நல்லது.